மூன்று லயத்துக்கும் ஒரே விலாசம்

"பட்டியலில் ஏற்பட்ட தவறுக்கு வருந்துகிறேன்" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கண்டியில் ஓர் ஆபீசில் என்னிடம் கேட்டார்கள். நான் எழுதவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் எழுதமாட்டேன். எனக்குத் தலைக்கனம் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஏன் எழுதவில்லை என்று விளங்க வேண்டுமானால் நான் கம்பியூட்டரில் விரிதாள் படிக்கப்போன கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

கண்டி டவுனில் போட்டோகொப்பி எடுக்கும் கடையில் எனக்கு வேலை. வீடு கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில், அம்மாவோடு. காலையில் பேராதனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு இன்னொன்று. கடைக்காரர் கடைக் கணக்கையெல்லாம் கம்பியூட்டருக்கு மாற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்கு "படிச்ச பிள்ளை" ஒன்றை எடுக்கப்போகிறாராம். பத்து வருஷமாக அந்தக் கடையில் நிற்கிற எனக்கு அந்தப் பேச்சு சுருக்கென்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு மருந்துக்கடை மாடியில் நடந்த கம்பியூட்டர் வகுப்புக்குப் படியேறினேன். பேர் பதிகிற மேசையில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மகளுக்கா, மகனுக்கா?" என்று கேட்டாள். "எனக்கு" என்றேன். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. மகளும் இல்லை, மகனும் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன், படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வகுப்பில் மற்றவர்களெல்லாம் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள். படிப்பித்த மிஸ்ஸும் என்னைவிட இளையவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குக் கல்யாணம் முடித்து வந்தவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை மிஸ் என்பேன். அந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்கும் குறையில்லை.

முதல் நாள் திரையில் வெறும் கட்டங்கள். அவ்வளவுதான். குறுக்கே போகிறது நிரை, மேலிருந்து கீழே இறங்குகிறது நிரல், இரண்டும் சந்திக்கிற பெட்டி கலம். நிரலுக்கு எழுத்து, நிரைக்கு இலக்கம்.

"ஒவ்வொரு கலத்துக்கும் தனி விலாசம் இருக்குது" என்றார் மிஸ். "பி நிரல், மூண்டாம் நிரை எண்டால் பி3. அதுக்குள்ள ஒண்டும் இல்லாட்டியும் அது பி3 தான். இன்னொரு கலத்துக்கு அந்த விலாசம் வராது. விளங்குதோ?"

விளங்கியது. விளங்கிய கையோடு எரிச்சலும் வந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாத கட்டத்துக்குத் தனி விலாசம். தோட்டத்தின் மேல் பகுதியான எங்கள் மேல் டிவிசனில் மூன்று லயம் முழுக்கக் குடும்பங்கள், அத்தனை பேருக்கும் ஒரே விலாசம்: மேல் டிவிசன், தோட்டத்தின் பேர், கலஹா. வீட்டு இலக்கம் கிடையாது, தெருப் பேர் கிடையாது. கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீசில் கிடக்கும். யாராவது அந்தப் பக்கம் போனால் எடுத்து வருவார்கள், போகாவிட்டால் கிடக்கும். பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்பதால் அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. மருந்துக்கடை மாடியில்தான் முதன்முதலாகக் கோபம் வந்தது.

கோபத்தோடு படிப்பதும் ஒரு வகையில் நல்லதுதான், தூக்கம் வராது. சமன் குறி போட்டுத் தொடங்கினால்தான் கம்பியூட்டர் அதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும் என்று படித்தேன். ஏ1 கலத்தில் சமன் குறி போட்டு ஏ2 என்று எழுதினால் ஏ2இல் இருப்பது ஏ1க்கும் வந்துவிடும். அங்கே மாற்றினால் இங்கேயும் மாறும். கைபேசி இலக்கத்தை அடித்தால் முன்னால் இருக்கிற பூச்சியத்தைத் தின்றுவிடும். அதைத் தடுக்க அந்த நிரலை எழுத்து என்று முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். ஒரு நாள் என் கலம் முழுக்க வேலி வேலியாகக் கோடு விழுந்தது. எதையோ உடைத்துவிட்டேன் என்று கையைப் பின்னுக்கு எடுத்தேன். மிஸ் வந்து பார்த்துச் சிரித்தார். "உடையேல்லையக்கா, இலக்கத்துக்கு இடம் காணாது. நிரலை அகட்டுங்கோ." அகட்டினேன், இலக்கம் வந்தது. பக்கத்தில் இருந்த பையன் ஒருவன் வயது நிரலை மட்டும் பிடித்து வரிசைப்படுத்தி, தன் தாத்தாவுக்கு ஆறு வயது ஆக்கியிருந்தான். வரிசைப்படுத்துவதென்றால் முழு அட்டவணையையும் பிடிக்க வேண்டும், ஒரு நிரலை மட்டும் இழுத்தால் ஒருத்தர் வயது இன்னொருத்தர் தலையில் விழும் என்பதை அன்று எல்லோரும் படித்தோம்.

எனக்கு ஆகப் பிடித்தது இழுத்து நிரப்புவது. கலத்தின் கீழ் மூலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் மேலே எழுதியது வரிசையாக நிரம்பிக்கொண்டே போகும். ஒன்று, இரண்டு என்று காட்டிவிட்டு இழுத்தால் அதுவே எண்ணிக்கொண்டு இறங்கும். கொழுந்து எடுக்கிற கைக்கு இப்படி ஒரு புள்ளி இருந்தால் எப்படியிருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா காது கொடுத்ததாகத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் தண்ணீர்த் தாங்கிப் பேச்சு வந்தது. எங்கள் டிவிசனுக்கு ஒரு பீலிதான். மலையிலிருந்து குழாயில் இறங்குகிற தண்ணீர் ஒரு சிமெந்துத் தொட்டியருகே விழும், அதைத்தான் பீலி என்போம். குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாம் அது. வெயில் காலத்தில் நூல் மாதிரி விழும். கண்டியில் இருக்கிற ஒரு தொண்டு அமைப்பு, கூரையில் விழுகிற மழையைச் சேர்த்துவைக்க வீட்டுக்கு ஒரு தாங்கி கொடுப்பதாகவும், டிவிசன் டிவிசனாகப் பட்டியல் அனுப்ப வேண்டும் என்றும் மாதர் சங்கத்தில் சொன்னார்கள். பட்டியல் கம்பியூட்டரில் இருக்க வேண்டுமாம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீதானே புள்ள ஞாயித்துக்கெழமையெல்லாம் படிக்கப் போற" என்றார் அடுத்த காம்பரா அக்கா. லயத்து வீட்டைக் காம்பரா என்போம், எங்கள் காம்பராவுக்கும் அவர் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் கூரை வரை போகாத சுவர். அவர் வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். அம்மாவோடு பல வருஷம் ஒன்றாய் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவர். அப்பா இறந்த அன்று எங்கள் அடுப்பைத் தொட விடாமல் சோறு ஆக்கிப்போட்டவர்.

சந்தோஷமாகவே செய்தேன். லயம் லயமாகப் போய்க் குடும்பத் தலைவர் பேர், அடையாள அட்டை இலக்கம், ஆட்கள் எத்தனை, எல்லாம் எழுதி வந்து, கடையில் பகல் சாப்பாட்டு நேரத்தில் அடித்தேன். பாதையோரமாக முதலில் வருவது எங்கள் வீடு என்பதால் முதல் நிரையில் அம்மா பேர். இரண்டாவதில் அடுத்த காம்பரா அக்கா. தலைப்பு நிரையை உறையவைத்தேன், கீழே இறங்கினாலும் தலைப்பு மேலேயே நிற்கும். விலாசம் என்ற நிரலில் ஒரே ஒரு தடவை மேல் டிவிசன் என்று அடித்து, மூலைப் புள்ளியைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தேன். சரசரவென்று இறங்கியது. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

தாங்கி வந்தது. ஒரே ஒரு தாங்கி. அம்மா பேருக்கு.

லொறிக்காரர் தாளைப் பார்த்து அம்மா பேரைக் கூப்பிட்டு, கறுப்புத் தாங்கியை எங்கள் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உருட்டி வைத்து, கைரேகை வாங்கிக்கொண்டு லொறியைத் திருப்பினார். மற்றது பின்னால் வருகிறதா என்று கேட்டவர்களுக்கு, "இந்த டிவிசனுக்கு இது மட்டுந்தான்" என்று பதில். நான் கடையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது பாதையில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இஸ்தோப்பில் அந்தத் தாங்கியும் அதற்குப் பக்கத்தில் அம்மாவும். அம்மா தாங்கியின் மேல் கைகூட வைக்காமல் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

பீலிக்குப் போனபோதுதான் வெடித்தது. அடுத்த காம்பரா அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டார்.

"ஏன் புள்ள, கம்பியூட்டர்ல அடிக்கத் தெரிஞ்சா சொந்த வீட்டுக்கு மட்டுந்தான் அடிச்சிக்குவாங்களா?"

"நான் எல்லார் பேரையும் அடிச்சேன் அக்கா."

"அடிச்ச பேரெல்லாம் எங்க போச்சு? வழியில பஸ்ஸுல விழுந்திருச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அழுதால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கடையில், பஸ்ஸில், டவுனில் யார் என்ன சொன்னாலும் எனக்கு ஒரு பொருட்டில்லை. இந்த மூன்று லயத்தில் கள்ளி என்று பேர் எடுத்துவிட்டு இங்கேயே நான் சாகும்வரை எப்படி இருப்பேன்?

"அத திருப்பி அனுப்பிரு" என்றார் அம்மா. "நாலு பேரு வயிறெரிஞ்ச தண்ணிய நம்மளால குடிக்க முடியாது."

அம்மாவுக்குத் தோள்பட்டை தூக்க முடியாது. பீலியிலிருந்து குடம் சுமப்பது நான்தான், நான் இல்லாத நேரத்தில் செம்பு செம்பாக அவர். அந்தத் தாங்கி எங்கள் வீட்டுக்குத் தேவையில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் வைத்துக்கொண்டால் திருடியதாகும், திருப்பி அனுப்பினால் திருடி மாட்டிக்கொண்டதாகும். இரண்டும் வேண்டாம் என்று, விடிந்ததும் நானே அதைப் பாதையில் உருட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைக் காம்பராவில் வைத்தேன். கொழுந்துக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. மூன்று லயமும் பார்த்தது. ஒருத்தர்கூட ஒரு கை பிடிக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கியது அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். அன்றைய பாடம், ஒரு பட்டியலில் இரட்டிப்பாக வந்ததை நீக்குவது. மிஸ் எங்கள் வகுப்புப் பட்டியலையே திரையில் போட்டார். பேர், ஊர், கைபேசி. "இதை அமத்தினால் ஒரு பெட்டி வரும். எந்த நிரலை வைச்சு ஒப்பிடுறது எண்டு அது கேக்கும். நான் இப்ப ஊரை மட்டும் குடுக்கிறன், பாருங்கோ."

அமத்தினார். வகுப்பே காணாமல் போனது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு கூட்டமே வருகிறது, திரையில் முதல் ஆள் மட்டும் நின்றான். நாவலப்பிட்டிப் பிள்ளைகளில் ஒருத்தி மிச்சம். பிள்ளைகள் சிரித்தார்கள், "மிஸ், நான் செத்துப் போயிட்டேன்" என்றான் ஒருவன். கலஹாவிலிருந்து நான் ஒருத்திதான் என்பதால் என் பேர் இருந்தது.

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"என்னக்கா?"

"மிஸ், எங்க லயத்த இதுலதான் அழிச்சிருக்காங்க."

மிஸ்ஸுக்கு முதலில் விளங்கவில்லை. இழுத்து நிரப்பிய விலாசம், முதல் நிரையில் அம்மா, இஸ்தோப்பில் ஒரே ஒரு தாங்கி என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "ஓம், இதுதான் நடந்திருக்கும்" என்றார். "முதலாவதை வைச்சுக்கொண்டு மிச்சத்தை எல்லாம் அது எறிஞ்சிருக்கும்." பிறகு பின்செலுத்தும் விசையை அமத்தினார். வகுப்பு முழுக்கத் திரையில் திரும்பி வந்தது. எனக்கு அந்த விசையைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்கு ஓட வேண்டும் போல இருந்தது.

அன்று மாலையே என் கைபேசியில் பட்டியலைத் திறந்துகொண்டு பீலிக்குப் போனேன். அடுத்த காம்பரா அக்கா துணி அலசிக்கொண்டிருந்தார். முதலில் அவர் பேரைக் காட்டினேன். பிறகு, "நீங்களே அமத்துங்க" என்று விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். ஈர விரல், இரண்டு தடவை அமத்த வேண்டியிருந்தது. பட்டியல் சுருங்கி அம்மா பேரில் நின்றது.

"என் பேரு எங்க?"

"வெலாசம் ஒண்ணுங்கறதால நீங்களும் நாங்களும் ஒரே வீடுன்னு அது நெனச்சிருச்சு."

"யாரு நெனச்சது?"

"கம்பியூட்டரு."

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "போன்ல என்னத்த வேணும்னாலும் காட்டலாம் புள்ள" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனார். நம்பவில்லை. நம்பாததற்கும் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, நிறையவே வந்தது.

மறுநாள் கடையில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு அந்த அமைப்பின் ஆபீசுக்குப் போனேன். பட்டியல்களைப் பார்க்கிறவர் ஒரு இளைஞர். கெட்டவர் இல்லை. கதிரை போட்டார், பொறுமையாகக் கேட்டார், எங்கள் டிவிசன் தாளைத் திறந்து பார்த்து ஒத்துக்கொள்ளவும் செய்தார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு தாங்கி அக்கா. சில இடங்கள்ல ஒரே வீட்டிலருந்து தாய், மகன், மருமகள்னு தனித்தனியாப் பேர் குடுத்திடுறாங்க. அதனால விலாசத்த வச்சுத்தான் கழிக்கிறோம். உங்க பட்டியல்ல விலாசம் பிழையா வந்திருக்கு."

"பிழை இல்ல தம்பி. அதுதான் எங்க விலாசம்."

"எல்லா வீட்டுக்கும் ஒரே விலாசம் எப்படி இருக்கும்?"

"அத எங்கள்ட்ட ஏன் கேக்கிறீங்க? நாங்களா வச்சோம்?"

மேலிடத்துக்குக் காட்ட ஒரு கடிதம் இருந்தால் பட்டியலைத் திரும்ப எடுக்கலாம் என்று ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் நீட்டினார். பட்டியலில் ஏற்பட்ட தவறுக்கு வருந்துகிறேன். அந்த ஒரு வரி. இந்த வாரமே வேலை நடக்கும் என்றார்.

பேனை என் கையில் இருந்தது. எழுதினால் மூன்று லயத்துக்கும் தாங்கி. எழுதாவிட்டால் எப்போது என்று தெரியாது. அம்மாவின் தோள்பட்டையை நினைத்தேன். ஆனால் நான் என்ன தவறு செய்தேன்? எங்களுக்கு இருக்கிற விலாசத்தை இருக்கிறபடி எழுதினேன். கடிதம் அந்த விலாசத்துக்குத்தான் வருகிறது, தேர்தல் அட்டையும் மின்சாரக் கணக்கும் அந்த விலாசத்துக்குத்தான் வருகின்றன. அதைத் தவறு என்று நானே எழுதிக் கொடுத்தால், நாங்கள் இருக்கிறதே தவறு என்று எழுதிக் கொடுத்த மாதிரி. அந்தத் தாள் எப்படியாவது ஊருக்கு வரும். கள்ளி கைப்பட எழுதியது இதோ என்று பீலியில் வாசிப்பார்கள்.

"பட்டியல் சரியானது, எங்கள் எல்லோருக்கும் விலாசம் ஒன்றுதான்னு எழுதித் தரேன். அத வேணும்னா மேலிடத்துக்குக் காட்டுங்க."

"ஒரு வரிதானே அக்கா."

"ஒரு வரிதான். அதையும் எழுதமாட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டார். கடைசியில், வீட்டுக்கு வீடு இலக்கம் போட்டு வேறு பட்டியல் கொண்டுவந்தால் கடிதம் இல்லாமல் எடுத்துக்கொள்வதாக இறங்கி வந்தார். மாதக் கடைசி வரை தவணை.

தோட்டத்து ஆபீசில் கேட்டேன். வீடுகளெல்லாம் தோட்டத்துக்குச் சொந்தம், சுவர் தோட்டத்துச் சுவர், இலக்கம் போடுகிற உரிமை குடியிருக்கிறவர்களுக்கு இல்லை என்றார்கள். அப்படியானால் நீங்கள் போட்டுத் தாருங்கள் என்றேன். அதற்கு மேலிருந்து உத்தரவு வரவேண்டுமாம்.

மேலிருந்து வருவதற்குக் காத்திருந்தால் நான் கிழவியாகிவிடுவேன். கண்டியில் ஒரு சின்ன டின் கறுப்புப் பெயின்றும் ஒரு தூரிகையும் வாங்கினேன். இலக்கம் எப்படிப் போடுவது என்று யோசிக்கவே தேவை இருக்கவில்லை. லயத்துக்கு ஒரு எழுத்து, காம்பராவுக்கு ஒரு இலக்கம். பாதையோர லயம் ஏ, நடு லயம் பி, கோயில் பக்கத்து லயம் சி. வெறுங்கட்டத்துக்கே தனி விலாசம் இருக்கிறதென்றால் ஆள் குடியிருக்கிற காம்பராவுக்கு இருக்கக்கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகாமல் சி லயத்துக் கடைசிக் காம்பராவிலிருந்து தொடங்கினேன். சிலர் கதவைச் சாத்தினார்கள், சிலர் வேடிக்கை பார்த்தார்கள், ஒருவர் எழுத்து கோணலாக இருக்கிறதென்று குறை சொன்னார். ஏ லயத்துக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டாவது கதவில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"என் சொவத்துல ஒண்ணும் எழுத வேணாம். ஒன் வீட்டுல எழுதிக்க."

"சொவரு ஒங்களுது இல்லக்கா, தோட்டத்துதாம். ஆபீசுல சொன்னாங்க. அதனால ஒங்ககிட்ட நான் கேக்க வேண்டியதில்ல."

சொல்லிக்கொண்டே ஏ2 என்று எழுதினேன். எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, தோட்டத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை, ஒரு வாளிச் சுண்ணாம்போடு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்துச் சுவரில் எழுதியதையெல்லாம் அழிக்கச் சொல்லி உத்தரவாம். அழிப்பதற்கு மட்டும் மேலிருந்து உத்தரவு உடனே வந்துவிடுகிறது. முதலில் எங்கள் வீடு. நான் ஏ1 மேல் இரண்டு கையையும் வைத்து மறைத்துக்கொண்டு நின்றேன். பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.

"தள்ளு புள்ள, எனக்கு வேற வேல இருக்கு" என்றார் கணக்கப்பிள்ளை.

"தள்ளமாட்டேன்."

அவர் அந்த ஆளைப் பார்த்து, "சரி, அடுத்ததப் பூசு, இத பொறகு பாப்போம்" என்றார். அந்த ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏ2க்குப் போனார். அக்கா பீலியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தார். வந்தவர் குடத்தைச் சுவரடியில் இறக்கினார். திரும்பி, அந்த எழுத்தின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு கையைக் கட்டினார்.

"பூசுங்க. மொதல்ல எம்மேல பூசிட்டு அப்பறம் சொவத்துல பூசுங்க."

"ஒனக்கு என்னா வந்துச்சு? நீதானே இந்தப் புள்ளய ஊரெல்லாம் ஏசிக்கிட்டுத் திரிஞ்ச?"

"அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. இது என் வீட்டு நம்பரு."

சத்தம் கேட்டு மற்றக் கதவுகளும் திறந்தன. ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ஒரு முதுகு சாய்ந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான், வேடிக்கை பார்த்தவர்கள்தான். கோணல் எழுத்தென்று குறை சொன்னவரும் தன் கோணல் எழுத்தை மறைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு யாரும் மலைக்குப் போகமாட்டார்கள் என்று தெரிந்ததும் கணக்கப்பிள்ளை வாளியைத் தூக்கச் சொன்னார். அந்த ஆள் போகும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவர் வீடு பி லயத்தில்.

அன்றைக்குக் கடைக்குப் பிந்தித்தான் போனேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் புதிய பட்டியல் அடித்தேன். ஒரு நிரலில் ஏ1 என்று எழுதி மூலைப் புள்ளியைப் பிடித்து இழுத்தேன். ஏ2, ஏ3 என்று தானே எண்ணிக்கொண்டு இறங்கியது. பி1, சி1 என்று மற்ற இரண்டு லயத்துக்கும் அப்படியே இழுத்தேன். அதையும் பழைய விலாசத்தையும் ஒரு சூத்திரத்தால் ஒட்டினேன். இப்போது ஒவ்வொரு நிரைக்கும் தனி விலாசம். கடைசியாக முழு அட்டவணையையும் பிடித்து, இறங்கு வரிசையில் அடுக்கினேன். சி லயம் மேலே போனது. எங்கள் வீடு எல்லாருக்கும் கீழே, அடி நிரையில் வந்து நின்றது. யாருக்காவது அதில் சந்தேகம் இருந்தால் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று தாளை அச்செடுத்துப் பீலித் தூணில் ஒட்டினேன். பட்டியலோடு கண்டி ஆபீசுக்கு அனுப்பிய கடிதத்தில் வருத்தம் கிருத்தம் ஒன்றும் இல்லை.

தாங்கிகள் வந்தன. லொறிக்காரர் தாளைப் பார்த்து ஆள் பேர் சொல்லவில்லை, இலக்கம் சொல்லிக் கூப்பிட்டார். சி லயம், பி லயம், பிறகு எங்கள் லயம். ஏ3 வாங்கினார்கள். ஏ2 வாங்கினார்கள். லொறி காலியாகிவிட்டது. ஏ1 என்று ஒரு பேச்சும் இல்லை. அந்த இளைஞருக்கு அழைப்பு எடுத்தேன்.

"உங்க அம்மாட அடையாள அட்டைக்கு ஏற்கெனவே ஒரு தாங்கி போயிருக்கே அக்கா. இரட்டிப்புன்னு கழிச்சிட்டோம்."

பிள்ளைக் காம்பராவில் நிற்கிற தாங்கி. நான் நடுப்பாதையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். இந்தத் தடவை கணக்கில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பிள்ளைக் காம்பராவுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், போய்த் திருப்பிக் கேட்க என்னால் முடியாது. அம்மாவிடம் சொன்னேன். "போகட்டும் விடு" என்று குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அடுத்த மழைக்கு எல்லா வீட்டுத் தாங்கியும் நிரம்பியது. மழை விட்டபிறகு நான் குடத்தோடு பீலிக்குக் கிளம்பினேன். வாசலைத் தாண்டவில்லை, உள்ளே ஏதோ சரசரவென்றது. திரும்பிப் பார்த்தால், கூரை வரை போகாத அந்த நடுச்சுவருக்கு மேலால் ஒரு பச்சைக் குழாய் எங்கள் காம்பராவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஏ2இல் இருப்பது ஏ1க்கு வருகிறது. நான் பார்த்துக்கொண்டே நிற்க, குழாய் இருமிவிட்டு அம்மாவின் பாயில் ஊற்றத் தொடங்கியது.

மன்னிப்பு என்று அக்கா ஒரு வரியும் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்று வரைக்கும் இல்லை. நான் மட்டும் எழுதிக் கொடுத்தேனா? சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் சத்தம்தான் வந்தது.

"கொடத்தப் புடி புள்ள, தண்ணி வீணாப் போவுது!"

பிடித்தேன்.